தனியாகக் கார் ஓட்டிய பயணத்தின் கடைசி நாள்: சிதம்பரத்திலிருந்து மீனம்பாக்கம் வரை

வாடகைக்குக் கார் எடுத்துத் தமிழ்நாட்டைத் தனியாகச் சுற்றி வந்தேன் என்றதும், இரவில் எங்கே தங்கினாய், ஆளில்லாத சாலையில் பயமாக இல்லையா, வழியில் யாரும் தொல்லை தரவில்லையா என்றுதான் தோழியர் கேட்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் நான் ஆயத்தமாகவே சென்றிருந்தேன். தரங்கம்பாடியிலோ தஞ்சாவூரிலோ காரைக்குடியிலோ தனுஷ்கோடியிலோ எனக்கு ஒரு குறையும் நேரவில்லை. என்னை அலைக்கழித்தது, சென்னையில் காரை ஒப்படைத்துவிட்டுப் புனேவுக்கு விமானம் ஏற வேண்டிய கடைசி நாள்தான். பணம், நேரம், மன அமைதி எல்லாவற்றையும் அந்த ஒரு நாள் தின்றுவிட்டது. புறப்படும் முன் நான் படித்த பயணக் குறிப்புகளில் கடைசி நாளைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஆகவேதான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அது பொங்கல் விடுமுறைக்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலையில் நான் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். விடுப்பை நீட்டிக்க வழியில்லை. விமானம் இரவு 8.05-க்கு. காரை மாலை 4 மணிக்கு ஒப்படைப்பதாக ஏற்பாடு. சிதம்பரத்திலிருந்து கடலூர், புதுச்சேரி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சென்னை ஏறத்தாழ 230 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 32 நெடுகிலும் வரும் இந்த வழியில், காலை 8 மணிக்குக் கிளம்பினால் சாப்பாட்டு நேரம் போகவும் பிற்பகல் இரண்டு மணிக்குள் சென்னை எல்லையைத் தொட்டுவிடலாம் என்பது சாதாரண நாளில் சரியான கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையை வேண்டுமென்றேதான் விட்டேன். காணும் பொங்கலுக்கு மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் முட்டுக்காட்டிலும் கூடும் கூட்டம் மறுநாளும் அவ்வளவு எளிதில் கலையாது.

புதுச்சேரி புறவழிச் சாலையைத் தாண்டித் திண்டிவனம் வரும்வரை பயணம் இனிதாகவே இருந்தது. அச்சிறுபாக்கத்தைக் கடந்து மேல்மருவத்தூரை நெருங்கும்போது வண்டி இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. தைப்பூசத்துக்கு முந்தைய இருமுடிக் காலம் என்பதால் சாலையோரம் முழுவதும் செவ்வாடை உடுத்திய பெண்கள் சாரிசாரியாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி, அகலமாக இருந்த ஓரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால் பின்பக்க இடது சக்கரத்தில் காற்று முழுதாக இறங்கியிருந்தது. அப்போது மணி பதினொன்றரை.

சக்கரம் மாற்றுவது எனக்குத் தெரியும். ஆனால் ஸ்டெப்னி என்னும் மாற்றுச் சக்கரம், பெட்டிகள் வைக்கும் இடத்தின் அடித்தட்டுக்குக் கீழே இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் என் உடைமைகள் அத்தனையையும் நெடுஞ்சாலையோரம் இறக்கி வைக்க வேண்டும். தஞ்சாவூரில் வாங்கிய தலையாட்டிப் பொம்மைகள், காரைக்குடியில் வாங்கிய கண்டாங்கிச் சேலைகள், ஆத்தங்குடியில் மாதிரிக்காகக் கேட்டு வாங்கிய, தரையில் பதிக்கும் பூக்கற்கள், மடிக்கணினிப் பை எல்லாம் புழுதியில் நின்றன. துணைக்கு ஒருவர் இருந்தால் ஒருவர் பொருளைப் பார்க்க, மற்றவர் வேலையைப் பார்க்கலாம். நான் குனிந்து நட்டைத் திருகினால் பெட்டிக்கு முதுகைக் காட்ட வேண்டும். பெட்டியைப் பார்த்து நின்றால் வேலை நடக்காது. அதுவரை தனிமை எனக்குச் சுதந்திரமாகவே இருந்தது. எனக்கு இரண்டு கைதான் இருக்கிறது என்ற எண்ணம் முதன்முறையாக அங்கேதான் பயத்தோடு வந்தது.

வாடகை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தேன். இசையைக் கேட்டபடி நெடுநேரம் காத்திருந்த பிறகு ஒருவர் பேசினார். விடுமுறை நாள் என்பதால் ஆள் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார். பிறகு 1033-ஐ அழைத்தேன். இது தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண். நாம் கட்டும் சுங்கத்துக்கு ஈடாகக் கிடைக்கும் சேவைகளில் இதுவும் ஒன்று என்பது பலருக்குத் தெரிவதில்லை. ரோந்து வாகனம் வந்தது. என் காருக்குப் பின்னால் கூம்புகளை வரிசையாக வைத்தார்கள். வேகமாக வரும் பேருந்துகள் விலகிச் செல்லத் தொடங்கியதுமே எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மேல்மருவத்தூரில் பங்சர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பிக்கும் அவர்களே தகவல் சொன்னார்கள். அவர் இருசக்கர வண்டியில் வந்து ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல காத்தே இல்லக்கா. இத மாட்டிக்கிட்டு மதுராந்தகம்கூடப் போய்ச் சேர முடியாது" என்றார். நல்லவேளையாக ஆணி சக்கரத்தின் அடிப்பகுதியில்தான் ஏறியிருந்தது. பக்கவாட்டில் கிழிந்திருந்தால் டயரையே மாற்ற வேண்டியிருக்கும். டியூப்லெஸ் டயர் என்பதால் கழற்றாமலேயே அடைத்து, ஸ்டெப்னிக்கும் காற்று நிரப்பித் தந்தார். வந்துபோன கூலியோடு 450 ரூபாய் வாங்கினார். கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். மீண்டும் வண்டியைக் கிளப்பும்போது மணி ஒன்றேகால்.

இந்த இடத்தில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கார் எடுக்கும் நாளன்றே ஸ்டெப்னியை வெளியே எடுக்கச் சொல்லி அதில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கியும் சக்கர நட்டுத் திருப்பியும் இருப்பதையும் கண்ணால் பாருங்கள். வெளிப்புறக் கீறல்களைப் படமெடுக்கும் பலர் இதைக் கேட்பதே இல்லை. அதேபோல் எண் பலகையையும் கவனியுங்கள். நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்களுக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை கொண்ட சொந்தக் கார்களை மலிவாக வாடகைக்கு விடுபவர்கள் சென்னையில் நிறையவே இருக்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கான காப்பீடு வாடகை ஓட்டத்துக்குப் பொருந்தாது என்பதால், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. அந்தச் சுமை ஓட்டியவர் தலையில் வந்து விழும். நான் எடுத்தது கருப்புப் பலகை வண்டி. அன்று நடந்தவற்றுள் எனக்கு நிம்மதி தந்த விஷயம் அது ஒன்றுதான்.

ஊரில் வாங்கும் பொருட்களைக் கூடவே தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை என்பதையும் அந்தப் புழுதியில் நின்றபோதுதான் உணர்ந்தேன். காரைக்குடியிலோ தஞ்சாவூரிலோ அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்ட் பார்சலாகக் கட்டி அனுப்பிவிட்டால் அவை நமக்கு முன்பே வீடு போய்ச் சேரும். பண்டிகை நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அஞ்சலகம் இருக்காது. அதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். இதனால் மிச்சமாவது சுமை மட்டுமன்று என்பது அன்று இரவு விமான நிலையத்தில் எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மதுராந்தகம் தாண்டியதும் வண்டிகள் நெருங்கத் தொடங்கின. பாலாற்றுப் பாலத்தில் ஊர்ந்தோம். பொங்கலுக்குச் சொந்த ஊர் போன சென்னைவாசிகள் அத்தனை பேரும் ஒரே நாளில் ஒரே சாலையில் திரும்புகிறார்கள். திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், தஞ்சை, நாகை என்று எங்கிருந்து வந்தாலும் பெரும்பாலோர் திண்டிவனத்தில் கூடி ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் ட்ரங்க்) சாலை வழியாகத்தான் நகருக்குள் நுழைகிறார்கள். திருமணமாகிப் புனேவுக்குப் போய்விட்ட எனக்கு, பண்டிகைக்கு முந்தைய நாள் சென்னையை விட்டு வெளியேறும் நெரிசல் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரியும்; திரும்பி வரும் நெரிசல் இன்னும் கொடியது என்பதை நேரில்தான் பார்த்தேன். போகும்போது மக்கள் இரண்டு மூன்று நாட்களாகப் பிரிந்து போகிறார்கள். வரும்போது எல்லோருக்கும் திங்கட்கிழமை வேலை.

பரனூர் சுங்கச்சாவடியை அடையும்போது மணி மூன்றாகிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. என் முறை வந்தபோது தடுப்புக் கம்பு உயரவில்லை. ஃபாஸ்டேக்கில் பணம் இல்லை என்று சாவடிப் பணியாளர் சொன்னார். ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கும்படி தாங்கள் பார்த்துக்கொள்வதாகவும், பிறகு வாடகையோடு சேர்த்துக் கழித்துக்கொள்வதாகவும் வாடகை நிறுவனம் எழுத்திலேயே சொல்லியிருந்தது. சிதம்பரத்திலிருந்து வரும் வழியில் அடுத்தடுத்து வந்த சாவடிகளில் இருந்ததெல்லாம் தீர்ந்திருக்கிறது. பின்னால் நின்றவர்கள் விடாமல் ஒலிப்பானை அழுத்தினார்கள். என் கைகள் நடுங்கின. கைப்பேசியின் பூட்டைத் திறக்கும் எண்ணே ஒரு கணம் மறந்துபோனது. ஃபாஸ்டேக் வேலை செய்யாத வண்டிக்கு, 2025 நவம்பர் 15 அன்று நடப்புக்கு வந்த விதிப்படி, அப்போது ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யுபிஐ வழியாகக் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. யுபிஐயில் கட்டிவிட்டு வெளியே வந்தேன். தொகை சிறியதுதான். ஆனாலும் அத்தனை பேர் என்னால் நின்றார்கள் என்ற கூச்சம் அடங்க வெகுநேரம் ஆனது.

வாடகை வண்டியின் ஃபாஸ்டேக் நம் பெயரில் இல்லாவிட்டாலும் அதில் நாமே பணம் போட முடியும். யுபிஐ செயலியில் அந்த ஃபாஸ்டேக்கை வழங்கிய வங்கியைத் தேர்ந்தெடுத்து வண்டி எண்ணைக் கொடுத்தால் போதும். ஆகவே வண்டியை எடுக்கும்போதே எந்த வங்கியின் ஃபாஸ்டேக் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் காலையில் கிளம்பும் முன் ஐந்நூறு ரூபாய் போட்டுவிட்டு, ரசீதை நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். சாவடிக்கு முன் நின்றுகொண்டு போடும் பணம் உடனே கணக்கில் ஏறும் என்பதற்கு உறுதியில்லை.

பரனூருக்குப் பிறகு நடந்ததை நினைக்கவே இப்போதும் களைப்பாக இருக்கிறது. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி என்று பெயர்ப் பலகைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. இடையில் சாலை நகர்ந்ததாகவே தோன்றவில்லை. நடந்து போகிறவர்கள் என்னைக் கடந்து போனார்கள். ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்க முயன்று முடியாமல் வைத்துவிட்டேன். தண்ணீர் குடிக்கவும் துணியவில்லை; குடித்தால் கழிப்பறைக்கு எங்கே போவது? நிறுத்திவிட்டுப் போகலாம் என்றால் மறுபடி வரிசைக்குள் நுழைய யார் விடுவார்கள்? கூடுவாஞ்சேரி அருகே பக்கத்துத் தடத்தில் நின்ற வேனிலிருந்து ஒரு பெரியம்மா, "ஒத்தையிலயா தாயி வண்டி ஓட்டிட்டு வர்றே? ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்று கேட்டு, இலையில் மடித்த புளியோதரையைச் சன்னல் வழியாக நீட்டினார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது வந்துவிட்டது. அவர் மதுரைப் பக்கம் என்பது பேச்சில் தெரிந்தது. பெயரைக் கேட்பதற்குள் அவர்களுடைய தடம் நகர்ந்துவிட்டது.

பண்டிகைக் காலங்களில் போக்குவரத்துக் காவல்துறையே கார்களில் வருவோருக்குச் சொல்லும் மாற்று வழி ஒன்று உண்டு என்பதைப் பின்னர் சென்னை உறவினர் ஒருவர் சொன்னார். செங்கல்பட்டிலேயே திருப்போரூர்ச் சாலையில் திரும்பி, கேளம்பாக்கம் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலையைப் பிடித்துவிட வேண்டும். துரைப்பாக்கத்திலிருந்து இருநூறடிச் சாலை நேராகப் பல்லாவரத்துக்கு, அதாவது விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து விடும். தூரம் கூடுதல்தான். ஆனால் கிளாம்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் ஆகிய நான்கு நெரிசல் முனைகளையும் தவிர்க்கலாம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டதிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகளில் பெரும்பாலானவை அங்கேதான் வந்து சேர்கின்றன. பண்டிகை நாளில் பேருந்துகளும், அவற்றில் வருவோரை அழைத்துப் போக வரும் ஆட்டோக்களும் கார்களும் அந்த இடத்தில் திரள்கின்றன. வழிகாட்டிச் செயலியை மட்டும் நம்பியிருந்த எனக்கு அது கடைசிவரை ஜி.எஸ்.டி. சாலையையே காட்டியது. செங்கல்பட்டுக்கு முன்பே வண்டியை ஓரமாக நிறுத்தி, சென்னையில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு எந்த வழி என்று கேட்டுவிடுவது எந்தச் செயலியையும்விட மேல் என்பது என் உறுதியான கருத்து.

கைப்பேசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தனியாகப் பயணம் செய்பவருக்கு வழிகாட்டி, பணப்பை, விமானச் சீட்டு, ஓடிபி வரும் இடம், வீட்டாரின் குரல் எல்லாம் அந்த ஒரே கருவிதான். காரின் மின்னேற்றும் துளை தளர்ந்திருந்ததால் வண்டி குலுங்கும்போதெல்லாம் இணைப்பு அறுந்துகொண்டிருந்தது. ஊரப்பாக்கத்தில் 14 சதவீதம்தான் மிச்சம் இருந்தது. என் கணவர் நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்து எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். அவருடைய கவலை நியாயமானது, ஆனால் ஒவ்வோர் அழைப்பும் மின்கலத்தைக் குடித்தது. "இனி நானே கூப்பிடும்வரை கூப்பிடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். முழுதாக மின்னேற்றிய பவர் பேங்க் ஒன்றைக் கடைசி நாளுக்கென்றே தனியாக வைத்திருங்கள். போர்டிங் பாஸையும் கார் ஒப்பந்தத்தையும் முந்தைய இரவே தங்கும் விடுதியில் காகிதத்தில் அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பல்லாவரத்தை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஒப்படைக்கும் இடம் என்று செயலியில் 'சென்னை விமான நிலையம்' என்றே போட்டிருந்தது. உண்மையில் அது விமான நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, பம்மலில் ஒரு குறுக்குத் தெருவுக்குள் இருந்த காலி மனை. பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலை மாலை நேரத்தில் சாதாரண நாளிலேயே நெரிசலானது. இடையில் பெட்ரோல் வேறு நிரப்ப வேண்டியிருந்தது. எடுத்த அளவுக்கே நிரப்பித் தராவிட்டால் நிறுவனம் தன் விலைக்குக் கணக்கிட்டுக்கொள்ளும். பங்க்கில் வரிசையில் நின்று நிரப்பி, ரசீதையும் எரிபொருள் முள்ளையும் சேர்த்துப் படமெடுத்துக்கொண்டேன். காலி மனையை நான் தேடிக் கண்டுபிடிக்கும்போது மணி ஆறு பத்து.

அங்கே ஓர் இளைஞர் மட்டும் இருந்தார். தெருவிளக்கு எரியவில்லை. அவர் கைப்பேசி வெளிச்சத்தில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்க பம்பரில் கீறல் இருக்கிறது, 6,500 ரூபாய் ஆகும் என்றார். வண்டியை எடுத்த நாளில் அது இதே மனையில் சுவரை ஒட்டி நிறுத்தப்பட்டிருந்தது. நான் எடுத்த படங்களில் மற்ற மூன்று பக்கங்களும் துல்லியமாக இருந்தன; பம்பர் பாதிதான் தெரிந்தது. கீறல் என்னால் ஏற்பட்டதன்று என்பதை எனக்குத் தெரிந்த அளவு உறுதியாகச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம், ஆபீஸ்ல சொன்னா விட்டுடறேன்" என்றார். அலுவலகத்தில் எவரும் எடுக்கவில்லை. தாமதத்துக்கென்று 900 ரூபாய் கட்டச் சொன்னார், கட்டினேன். 5,000 ரூபாய் முன்பணத்தை நிறுத்தி வைப்பதாகச் சொல்லி, சேதத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார். இருட்டில், முன்பின் அறியாத தெருவில், விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் அந்தக் கையெழுத்தைப் பெறுவது எளிது என்பது அவர்களுக்குத் தெரியும் என்றே நான் இன்றும் நம்புகிறேன். எனக்குக் கோபத்தைவிட அவமானமே மேலோங்கியிருந்தது. ஆனாலும் படிவத்தில், 'சேதம் என்னால் ஏற்பட்டதாக நான் ஏற்கவில்லை. வெளிச்சமில்லாத இடத்தில் பரிசோதிக்கப்பட்டது' என்று தமிழிலேயே எழுதி, நேரத்தைக் குறித்துக் கையெழுத்திட்டேன். அதைப் படமெடுத்து, அங்கே நின்றபடியே நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். பின்னாளில் எனக்குக் கைகொடுத்தது அந்த ஒரு வரிதான்.

காரை எடுக்கும்போது அது சுவரை ஒட்டியோ நிலத்தடி நிறுத்தத்திலோ நின்றால், வெளிச்சமான இடத்துக்கு நகர்த்தச் சொல்லிவிட்டே படம் எடுங்கள். படத்தைவிடக் காணொளி மேல். வண்டியைச் சுற்றி ஒரே ஓட்டமாக, இடையில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். ஒப்படைக்கும் இடத்தின் துல்லியமான முகவரியை முன்பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள். ஒப்படைப்பை எப்போதும் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ பிடித்து விமான நிலையம் சேர்ந்தபோது 7.15. பெட்டிகளை ஒப்படைக்கும் முகப்பு 7.05-க்கே மூடப்பட்டிருந்தது. உள்நாட்டு விமானங்களுக்குப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன் முகப்பை மூடிவிடுகிறார்கள். இணைய வழியில் நான் முன்கூட்டியே செக்-இன் செய்திருந்தேன். விமானம் கண்முன்னே நின்றது. ஏறும் வாயிலும் அப்போது திறந்தே இருந்தது. கைப்பையோடு மட்டும் வந்திருந்தால் நேராகப் பாதுகாப்புச் சோதனைக்குப் போயிருக்க முடியும். பெட்டி இருந்ததால் முடியவில்லை. பார்சலில் அனுப்புவதைப் பற்றி மேலே சொன்னது இதனால்தான். முகப்பில் இருந்த பெண்ணிடம் கெஞ்சினேன். அவர் பொறுமையாகவே மறுத்தார். அங்கிருந்த இருக்கையில் உட்கார்ந்து, சுற்றி இருப்பவர்களைப் பற்றிய நினைப்பே இல்லாமல் அழுதேன்.

அதே ஊழியர் சற்று நேரம் கழித்துத் தானே வந்து சொன்ன இரண்டு செய்திகள் பொன்னானவை. விமானத்தைத் தவறவிடுவோம் என்று தோன்றினால், புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே செயலியில் அடுத்த விமானத்துக்கு மாற்றிக்கொள்ள முடியும். மாற்றுக் கட்டணமும் விலை வேறுபாடும் மட்டும் போகும். அந்த நேரம் தாண்டிவிட்டால் பயணச்சீட்டின் அடிப்படைக் கட்டணம் முழுதும் போய்விடும். எத்தனை மணி நேரம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் சீட்டில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்குக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். அலாரம் அடிக்கும்போது நீங்கள் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். இரண்டாவது, விமானத்தைத் தவறவிட்டாலும், திரும்பப் பெற முடியாத சீட்டாகவே இருந்தாலும், அதில் அடங்கிய அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். கேட்டால்தான் பெரும்பாலும் வரும். நான் எழுதிக் கேட்டு 1,100 ரூபாய் பெற்றேன்.

மறுநாள் அதிகாலை விமானத்துக்குப் புதுச் சீட்டு 8,700 ரூபாய். மீனம்பாக்கத்தில் ஓர் எளிய விடுதியில் அறை 2,400 ரூபாய். பங்சர், தாமதக் கட்டணம், நிறுத்தி வைக்கப்பட்ட முன்பணம் எல்லாம் சேர்த்து அன்று என் கையை விட்டுப் போனது 17,450 ரூபாய். அலுவலகத்தில் அரைநாள் சம்பளமில்லா விடுப்பு வேறு.

இனி ஒருமுறை நான் செல்வதானால், காரை ஒப்படைப்பதும் விமானம் ஏறுவதும் ஒரே நாளில் வராது. முந்தைய நாள் பகலிலேயே காரைக் கொடுத்துவிட்டு, பல்லாவரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையில் எங்காவது தங்கிவிடுவேன். அந்த ஓர் இரவு வாடகை 2,400 ரூபாயை எப்படியும் நான் கட்டத்தான் செய்தேன். முன்னதாகவே கட்டியிருந்தால் மற்றச் செலவில் பெரும்பகுதி வந்திராது. இன்னொரு வழியும் இருக்கிறது. சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு வேறு ஊரில் காரை ஒப்படைக்க விடுகின்றன. திருச்சியில் ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினால், அங்கிருந்து புறநகர் மின்ரயிலில் திரிசூலம் சில நிலையங்கள்தான்; ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் எதிரே விமான நிலையம். சாலை எத்தனை நெரிசலாக இருந்தாலும் தண்டவாளத்துக்கு அது பொருட்டில்லை. பண்டிகைக் காலத்தில் ரயில் சீட்டு கிடைப்பது கடினம் என்பதால் அதைப் பயணத் திட்டத்தின் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

முன்பணத்தைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் வராததால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தேன். ஒப்பந்தம், எடுத்த நாளின் படங்கள், நான் குறிப்பெழுதிய படிவம், அதே நிமிடத்தில் அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றை இணைத்தேன். சில வாரங்களில் நிறுவனம் 3,200 ரூபாயைத் திருப்பி அனுப்பியது. மீதி 1,800 ரூபாய் பம்பர் மெருகேற்றியதற்காம். அதற்கான ரசீதைக் கேட்டேன், இதுவரை தரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இணைய வழியிலேயே தாக்கல் செய்யலாம். தொகை சிறியது, விட்டுவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்த இருட்டு மனையில் எனக்குப் பிறகும் யாராவது ஒரு பெண் தனியாகப் போய் நிற்பாள் என்பதால் நான் விடுவதாக இல்லை. மனுவை எழுதத் தொடங்கிவிட்டேன்.